கடைமடைக்கும் ஒரு பங்கு

இலையுதிர் காலம் என்றதும் நமக்குப் பாடநூல்களில் கண்ட படங்களே நினைவுக்கு வருகின்றன. காஷ்மீரத்துச் சினார் மரங்கள் செம்பொன்னாக மாறி நிற்பதும், அவற்றின் இலைகள் நீரோடையில் மிதந்து செல்வதும் அந்தப் படங்களில் இருக்கும். திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில் வாழும் நமக்கு அப்படியொரு பருவம் வாய்க்கவில்லை. ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று அழைத்தனர். நம் காடுகளில் இலை உதிர்வது மாசி, பங்குனி மாதங்களில்தான். கூதிரில் அவை நேர்மாறாகப் பசுமை பூணுகின்றன. அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. எட்டு மாதம் வறண்டு கிடந்த மலை ஓடைகளில் அப்போதுதான் நீர் பேசத் தொடங்கும்.

அவ்வாறு நீர் பேசும் ஓடை ஒன்றைத் தேடிச் சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் புறப்பட்டோம். என் அண்ணன், அவருடைய பன்னிரண்டு வயது மகன், நான் என மூன்று பேர். நாங்கள் வசிப்பது மீஞ்சூரில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுவது என் பணி. அண்ணன் அதே தொழிற்பேட்டைக்கு லாரிகள் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமையில்கூட அவருடைய கைப்பேசி ஓயாது. அப்படிப்பட்டவர், “மலைக்குப் போய் வரலாமா தம்பி? பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்” என்றபோது எனக்கு வியப்பாக இருந்தது. கடந்த ஆறு மாதங்களாக எங்களிருவரிடையே பேச்சு குறைந்திருந்தது. அதற்குக் காரணம் ஒரு நிலம்.

எங்கள் அத்தா பழவேற்காட்டுக்காரர். ஏரியில் இறாலும் நண்டும் பிடித்து வரும் மீனவர்களிடம் கொள்முதல் செய்து, சென்னைச் சந்தைகளுக்கு அனுப்புவதே அவருடைய வாழ்நாள் தொழில். அந்த வருமானத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, வள்ளூரில் 80 சென்ட் நிலம் வாங்கினார். அன்று அது யாரும் ஏறெடுத்துப் பாராத பொட்டல். பிறகு எண்ணூரில் துறைமுகம் வந்தது; வள்ளூரில் 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் எழுந்தது; சாலைகள் அகன்றன. பொட்டலுக்கு விலை வந்தது. சென்ற ஆண்டு அத்தா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கடன்கள் அடைக்கப்பட்டன. நிலம் எஞ்சியது. வாரிசுகள் நால்வர்: அம்மா, அண்ணன், நான், ஆம்பூரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் தங்கை.

கணக்கு எழுதுபவன் என்பதால் அந்தப் பங்கை நானே எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதமுள்ள எட்டில் ஏழை, ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பங்கு, பெண்மகளுக்கு ஒரு பங்கு என ஐந்தாகப் பிரிக்க வேண்டும். மொத்தத்தை 40 பாகமாக்கினால் அம்மாவுக்கு 5, எங்களிருவருக்கும் தலா 14, தங்கைக்கு 7. எங்கள் 80 சென்ட்டில் அம்மாவுக்கு 10, எங்களுக்குத் தலா 28, தங்கைக்கு 14 சென்ட். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் வகுத்த கணக்கு இது. இதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கும் உரிமையில்லை, அண்ணனுக்கும் உரிமையில்லை.

அண்ணன் இதை மறுக்கவில்லை; தள்ளிப்போட்டார். “தங்கச்சி கல்யாணத்துக்கு எவ்வளவு செலவு செய்தோம் என்று உனக்கே தெரியும். நகை, சீர், மாப்பிள்ளைக்கு வண்டி. அதுவே அவள் பங்குக்கு மேல். அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வேண்டாம் என்றுதான் சொல்கிறாள்” என்பார். அத்துடன் பேச்சு நின்றுவிடும். பெருநாளுக்கு வழக்கமாக வரும் தங்கை இம்முறை வரவில்லை. பிள்ளைக்குத் தேர்வு என்றாள். அம்மா எதுவும் சொல்லாமல் பிரியாணிச் சட்டியை மூடி வைத்தார்.

வண்டி பொன்னேரியைக் கடந்தது. பாலத்தின் கீழே ஆரணியாறு புதுவெள்ளத்தால் செம்மண் நிறம் கொண்டு ஓடியது. தச்சூரில் கொல்கத்தா நெடுஞ்சாலையைத் தொட்டு, ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் மேற்கே திரும்பினோம். அதன்பின் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் என ஏறத்தாழ அந்த ஆற்றின் எதிர்த்திசையிலேயே நம் பாதை செல்கிறது. ஆந்திரத்தின் மலைகளில் பிறக்கும் ஆரணியாறு பிச்சாட்டூர் ஏரியில் தேங்கி, நாகலாபுரம் பக்கமாக இறங்கி, சுருட்டப்பள்ளியைத் தாண்டித் தமிழகத்துக்குள் நுழைந்து, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. அத்தாவின் வாழ்நாள் முழுவதும் சோறிட்ட ஏரிக்கு நீர் கொண்டு வருவது இந்த ஆறு. ஆனால் அதன் மலையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஊத்துக்கோட்டைப் பாலத்தில் சற்று நின்றோம். பிச்சாட்டூர் ஏரியின் உபரிநீர் திறக்கப்படும் காலங்களில் இங்கிருந்த பழைய தரைப்பாலம் மூழ்கி, ஊரே இரண்டாகப் பிரிந்துபோகும். இப்போது உயர்மட்டப் பாலம் வந்துவிட்டது. இந்த ஊருக்கு அருகில்தான் கண்டலேறுவிலிருந்து வரும் கிருஷ்ணா நீரின் கால்வாயும் தமிழக எல்லையைத் தொடுகிறது. அண்ணன் மகன் அதைப் பற்றிக் கேட்டான். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தம் பங்கிலிருந்து தலா 5 டி.எம்.சி. சென்னையின் குடிநீருக்காக விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. வழியில் ஆவியாகும் 3 டி.எம்.சி. போக 12 டி.எம்.சி. தமிழகத்துக்கு வர வேண்டும். 1983இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தண்ணீர் எல்லையை எட்டியது 1996இல் என்று சொன்னேன். “பதின்மூன்று வருஷமா?” என்று சிறுவன் வாயைப் பிளந்தான். “எழுதி வைப்பது எளிது, கொண்டு வந்து சேர்ப்பதுதான் கஷ்டம்” என்றார் அண்ணன். அவர் கால்வாயைப் பற்றித்தான் சொன்னார்.

நாகலாபுரம் விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர். ஊரைத் தாண்டிச் சிற்றூர்ச் சாலை ஒன்றில் திரும்பி, வயல்களுக்கிடையே சென்றால் மலையடிவாரம் வரும். வண்டியை அங்கே நிறுத்தினோம். முந்தைய மூன்று நாள்களாக மழையில்லை. வானம் தெளிவாக இருந்தது. இதை நான் முதலிலேயே உறுதி செய்திருந்தேன். மலை ஓடையில் நடப்பவர்கள் கவனிக்க வேண்டிய முதற்செய்தி தம் தலைக்கு மேலுள்ள வானம் அன்று, மலைக்கு மேலுள்ள வானம். மேலே பெய்யும் மழை கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். இத்தகைய ஓடைகளின் ஆழ்குளங்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உயிரிழந்திருக்கிறார்கள். ஆகையால் குளங்களில் இறங்குவதில்லை, பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவது என்ற இரு நிபந்தனைகளோடு நடந்தோம்.

அடிவாரத்தில் ஒரு சிறிய தடுப்பணை இருந்தது. நிரம்பி, அதன் விளிம்பு முழுவதிலும் கண்ணாடித் தகடுபோல நீர் வழிந்தது. அதைத் தாண்டிய பிறகு பாதை என்று ஒன்றில்லை, ஓடைதான் பாதை. ஒரு கரையில் சிறிது தூரம் நடந்து, கற்களின்மேல் தாவி மறுகரை ஏறி, மீண்டும் இறங்க வேண்டும். நீர்மருத மரங்கள் வேர்களை ஓடைக்குள் நீட்டி நின்றன. அரை மணி நேர நடையில் இருபுறமும் மலை நெருங்கி வந்தது. வானம் ஒரு பட்டை நாடாவாகக் குறுகியது. பக்கச் சுவர்கள் அடுக்கடுக்கான பாறை. பல யுகங்களுக்கு முன் மணலாகப் படிந்து, இறுகி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இரும்புபோலான கல் அது. உளியால் அடித்தாலும் பொறிதான் பறக்கும். அந்தக் கல்லைக் கையளவு நீர் அறுத்து வழி செய்திருந்தது.

அல்பகரா அத்தியாயத்தின் 74ஆம் வசனம் என் நினைவுக்கு வந்தது. இறுகிப்போன உள்ளங்களைக் கல்லோடு ஒப்பிடத் தொடங்கும் அவ்வசனம், உடனே கல்லின் பக்கம் நின்று பேசுகிறது. கற்களிலும் ஆறுகள் பீறிடுபவை உண்டு, பிளந்து நீர் கசிபவை உண்டு, இறையச்சத்தால் உருண்டு விழுபவை உண்டு என்ற கருத்தை அது சொல்கிறது. மதரஸாவில் ஓதியபோது இது எனக்கு உவமையாக மட்டுமே இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் மூன்று வகைக் கற்களும் கண்முன் இருந்தன. நான் எதுவும் சொல்லவில்லை. சில நேரங்களில் வசனத்தைச் சொல்லுவது அடுத்தவர்மீது கல்லெறிவதாகிவிடும்.

லுஹர் நேரமானது. அகன்ற பாறை ஒன்றின் அருகே அமர்ந்து ஒளூச் செய்தோம். சிறுவன் இரு கைகளாலும் நீரை வாரி இறைத்தான். “ஓடுகிற ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளூவில் தண்ணீரை விரயம் செய்யக் கூடாது” என்று அண்ணன் அவனைத் தடுத்தார். இப்னு மாஜாவில் பதிவாகியுள்ள செய்தி அது. “இவ்வளவு தண்ணீர் ஓடுகிறதே அத்தா, நான் கொஞ்சம் எடுத்தால் குறைந்துவிடுமா?” என்றான் அவன். “உனக்குக் குறையாது. கீழே இருக்கிறவனுக்குக் குறையும்” என்றார் அண்ணன்.

தொழுதுவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தோம். “இந்தத் தண்ணீர் எங்கே போகும் சின்னத்தா?” என்று சிறுவன் என்னிடம் கேட்டான். ஆரணியாற்றில் சேரும், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் என்றேன். அதைக் கேட்டதும் அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். சிறு வயதில் நாங்கள் கண்ட காட்சிகள் அவர் முன் வந்திருக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டுகளில் ஆற்று நீர் ஏரிக்கு வராது. உள்ளிருந்து தள்ளும் நீர் இல்லாததால் கடல் மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வர வழியிருக்காது. மீனவர் குடிசைகளில் உலை எரியாது; எங்கள் வீட்டிலும் கடன்தான். அத்தா முகத்துவாரத்து மணல்மேட்டில் நின்று மேற்கே பார்த்தபடி, “மேலே இருக்கிறவன் குடிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? குடித்துவிட்டு விட வேண்டும், அவ்வளவுதான்” என்பார். அந்த வார்த்தையை அண்ணன் அன்று அப்படியே சொன்னார். சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு நான் ஒரு நபிமொழியைச் சொன்னேன். மதீனாவின் ஹர்ரா பகுதியில் பேரீச்சந்தோப்புகளுக்குப் பாயும் ஓடைநீர் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரி ஒருவருக்கும் வழக்கு வந்தது. ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேல்மடையில் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் முதலில், உங்கள் தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு அண்டை வீட்டாருக்கு நீரை விட்டுவிடுங்கள் என்ற பொருளில் இணக்கமான தீர்ப்பளித்தார்கள். உறவினர் என்பதால் சலுகை காட்டுவதாக அந்த அன்சாரி குற்றம் சாட்டியபோதுதான், நபியவர்களின் முகம் மாறி, வரப்பு நிறையும்வரை தேக்கிக்கொள்ளும் முழு உரிமையையும் ஸுபைருக்கு நிலைநாட்டினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இடம்பெற்றுள்ளது. மேல்மடைக்காரருக்கு முன்னுரிமை உண்டு என்பதை இந்தச் செய்தி ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த முன்னுரிமை வரப்போடு முடிகிறது. வரப்புக்கு மேல் உள்ளது கடைமடைக்காரருடையது. அது எவர் போடும் தர்மமும் அன்று.

அண்ணன் என்னை நேராகப் பார்த்தார். “தங்கச்சியைப் பற்றித்தானே சொல்கிறாய்?”

“ஆமாம்” என்றேன்.

“அவள் வேண்டாம் என்கிறாளே.”

“அவள் கையில் இருப்பதை அல்லவா அவள் வேண்டாம் என்று சொல்ல முடியும் அண்ணே? இன்னும் அவள் கையில் எதையும் நாம் கொடுக்கவில்லையே. முதலில் அளந்து, அவள் பெயரில் எழுதி, கையில் கொடுப்போம். அதன்பிறகு அவள் மனமொப்பி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.”

“கல்யாணச் செலவு?”

“அது அத்தா உயிரோடு இருந்தபோது தம் மகளுக்குச் செய்தது. உங்களுக்கு முதல் லாரி வாங்கவும், எனக்குக் கல்லூரிக்கும் அவர்தான் கொடுத்தார். அதை எல்லாம் யாரும் பங்கில் கழிக்கவில்லையே.”

அவர் பதில் சொல்லவில்லை. சிறுவன் இடையில் புகுந்து, “அத்தை ஏன் பெருநாளைக்கு வரவில்லை?” என்றான். ஓடையின் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் எழுந்து, கைகழுவி, “இரண்டு மணியாகப் போகிறது, இறங்கலாம்” என்றார்.

இறங்கும்போது அவர் முன்னால் நடந்தார். வழுக்கும் இடங்களில் நின்று எனக்கும் மகனுக்கும் கை கொடுத்தார். வண்டியில் ஏறியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மொத்தம் எத்தனை பாகம் என்றாய்?” நாற்பது என்றேன். அவளுக்கு ஏழு என்றேன். தலையசைத்தார். மீஞ்சூர் வரும்வரை லாரிகளைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும்தான் பேசினார்.

பத்து நாள் கழித்து நில அளவையர் வள்ளூர் நிலத்தில் சங்கிலி பிடித்தார். அவரை வரவழைத்தவர் அண்ணன்தான். எங்கள் மஹல்லா ஹஜ்ரத் அவர்களை அம்மாவின் வீட்டுக்கு அழைத்து, கணக்கைச் சரிபார்க்கச் செய்தார். மார்கழியில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாயிற்று. சாலையோரத் துண்டு எவருக்கு என்ற பேச்சு வந்தபோது, “தங்கச்சிக்கு ஓரமாகவே இருக்கட்டும், அவள் வெளியூர்க்காரி, விற்பதானாலும் வாடகைக்கு விடுவதானாலும் எளிதாக இருக்கும்” என்று அவரே சொன்னார். நான் கேட்க நினைக்காததும் அதுதான்.

பத்திரத்தில் கையெழுத்திட ஆம்பூரிலிருந்து தங்கை வந்தாள். வீட்டுக்கு வந்தபின் அம்மாவின் மடியில் தலை வைத்து நெடுநேரம் அழுதாள். பிறகு அவள் சொன்னதை இதைப் படிக்கும் ஒவ்வோர் அண்ணனும் தம்பியும் கேட்க வேண்டும். “வேண்டாம் என்பதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டால் இந்த வீட்டுக் கதவு எனக்குச் சாத்திக்கொள்ளுமோ என்று பயந்துதான் சொன்னேன். நிலம் பெரிதா, தாய்வீடு பெரிதா என்றால் நான் எதைச் சொல்வேன்?”

நம் வீடுகளில் எத்தனை பெண்கள் இந்தக் கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு பெருநாள் விருந்துக்கு வந்து போகிறார்கள்! அவர்களின் மௌனத்தை நாம் விட்டுக்கொடுத்தலாக எழுதிக்கொள்கிறோம். தொழுகையில் ஒரு ரக்அத் குறைந்தால் பதறும் நாம், நாற்பதில் ஏழு குறைவதைக் குடும்ப வழக்கம் என்கிறோம். அந்நிஸா அத்தியாயம் பங்குகளை வகுத்து முடித்ததும், 13, 14ஆம் வசனங்களில் அவற்றை அல்லாஹ்வின் வரம்புகள் என்று அறிவிக்கிறது. மீறுவோருக்குக் கடும் எச்சரிக்கையும் தருகிறது. அதே அத்தியாயத்தின் 7ஆம் வசனம், சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் பெண்ணுக்கும் அதில் விதிக்கப்பட்ட பங்கு உண்டு என்கிறது. நாட்டின் சட்டமும் நமக்குத் தடையாக இல்லை. 1937இன் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணத்தில் வந்த திருத்தம் அந்த விலக்கையும் நீக்கிவிட்டது. ஆகவே வயலானாலும் வீட்டுமனையானாலும் நம் சகோதரியருக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பதற்கு நம் மனத்தைத் தவிர வேறு எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

ஆகவே அன்பிற்குரியவர்களே, பெற்றோர் மறைந்து பங்கு பிரியாமல் கிடக்கும் வீடுகளில், சகோதரி வந்து கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூத்தவர் முதலில் பேசட்டும். அவர் பேசத் தயங்கினால் இளையவர் அவரை ஒரு நாள் வெளியே அழைத்துச் செல்லட்டும். மலைக்கோ, ஆற்றங்கரைக்கோ, தர்காத் தெருவின் தேநீர்க் கடைக்கோ. சபையில் வைத்துக் கேட்டால் எழும் தற்காப்பு, தனியே நடக்கும்போது எழுவதில்லை. பொறுமையாகச் சொல்லுங்கள். கல்லும் நீருக்கு வழிவிடும் என்று நம் இறைவனே நமக்குச் சொல்லியிருக்கிறான்.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோரின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக. அவர்கள் விட்டுச்சென்றவை நம் உறவை அறுக்கும் வாளாகாமல், கடைமடைவரை பாயும் நீராக ஆக்கியருள்வானாக. ஆமீன்.